இரண்டு கையெழுத்து: நேபாளத்தின் 753 பாலிகாக்களும் வெளிநாட்டு உதவியும்

நேபாளத்தில் குடியுரிமைச் சான்று வேண்டுமென்றாலும், வீட்டுக்கு மின் இணைப்பு வேண்டுமென்றாலும் முதலில் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும். வார்டு அலுவலகம் தரும் அந்தக் கடிதத்துக்கு ‘சிஃபாரிஸ்’ என்று பெயர். நம் சிபாரிசுதான். பாரசீகத்திலிருந்து கிளம்பி இரண்டு மொழிகளிலும் வந்து தங்கிவிட்ட சொல். நமக்குச் சிபாரிசு என்றால் தெரிந்தவரைப் பிடித்துக் காரியம் முடிப்பது. அங்கே அது அலுவலக நடைமுறை, பதிவெண்ணும் முத்திரையும் கொண்டது. அந்த முத்திரை எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதைப் பின்தொடர்ந்து போனாலே இன்று ‘பாலிகா’ எனப்படும் நேபாள உள்ளாட்சியின் கடந்த முப்பது ஆண்டுக் கதை பாதி விளங்கிவிடும்.

1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போரில் முத்திரை ஊரைவிட்டே போயிற்று. அப்போது ஊராட்சி என்பது ‘காவ் விகாஸ் சமிதி’, அதாவது கிராம வளர்ச்சிக் குழு. அவற்றின் கட்டடங்கள் பலவும் போரில் அழிந்தன. அரசு நியமித்த செயலாளர்கள் உயிருக்குப் பயந்து மாவட்டத் தலைநகரங்களில் தங்கிவிட்டார்கள். மலையில் இருப்பவர் பிறப்புச் சான்று வாங்கச் செயலாளரைத் தேடி இறங்கி நடக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில், 1997-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 2002-ல் முடிந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2017-ல். நடுவில் 15 ஆண்டுகள். 2002-ல் பிறந்த குழந்தை தன் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவரைப் பார்க்காமலே பள்ளிப்படிப்பின் கடைசிக்கு வந்துவிட்டது.

இந்தப் பின்னணியைச் சொல்லாமல் வெளிநாட்டு உதவியைப் பற்றிப் பேசினால் கணக்கு தப்பாகிவிடும். உதவி வந்தது 2015 அரசியலமைப்பு கொண்டுவந்த கூட்டாட்சிக்குப் பிறகல்ல. ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருமே இல்லாத காலத்திலேயே வந்துவிட்டது.

பிரதிநிதிக்குப் பதிலாக மன்றம்

2008-ல் ‘உள்ளாட்சி மற்றும் சமூக வளர்ச்சித் திட்டம்’ தொடங்கியது. நேபாள அரசின் பெயரில் நடந்த திட்டம். பணம் பல நாடுகளிடமிருந்தும் ஐ.நா. அமைப்புகளிடமிருந்தும் சேர்ந்தது. 2013-ல் இரண்டாம் கட்டம். இந்தத் திட்டத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு ‘வார்டு குடிமக்கள் மன்றம்’. ஊர்க்காரர்கள் சிலரைச் சேர்த்து, கூலிக்கு அமர்த்திய சமூக அணிதிரட்டுநர் ஒருவரை நடுவில் உட்கார வைத்து, எந்தப் பாதைக்கு எவ்வளவு, எந்தக் குழாய்க்கு எவ்வளவு என்று பேச வைத்தார்கள். ஏழை எளியவர்களுக்கென்று ‘குடிமக்கள் விழிப்புணர்வு மையம்’ தனியே. குறைந்தபட்ச நிபந்தனைகளை நிறைவேற்றாத ஊராட்சிகளுக்கு மானியம் வெட்டு.

இதை ஏளனமாகப் பார்ப்பது எளிது. தேர்தலே இல்லாத நாட்டில் வெளிநாட்டுப் பணத்தில் ஜனநாயகத்தை ஒத்திகை பார்த்தார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அதே காலத்தில் அதிகாரபூர்வமாக இருந்த மாற்று என்ன? ‘அனைத்துக் கட்சி ஏற்பாடு’ என்ற பெயரில் கட்சிக்காரர்கள் கூடி உட்கார்ந்து ஊராட்சிப் பணத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊழல் புகார்கள் தாங்காமல் 2012-ல் அந்த ஏற்பாடே கலைக்கப்பட்டது. அதோடு ஒப்பிட்டால் மன்றங்கள் எவ்வளவோ மேல். குறை வேறு இடத்தில் இருந்தது. மன்றம் திட்டத்தோடு பிறந்தது. அதன் உயிர் திட்டத்தில்தான் இருந்தது. 2017-ல் உண்மையான வார்டுத் தலைவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மன்றத்துக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. அணிதிரட்டுநர்களின் சம்பளம் நின்றது, மன்றங்கள் கலைந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை அதே மன்றத்தின் முன் கணக்குச் சொல்ல வைத்திருக்கலாம். அப்படி ஒரு பாலம் போட யாரும் முனையவில்லை.

ஒரே நாளில் அரசு

2015 செப்டம்பர் 20 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. மாகாணங்கள் 7. உள்ளாட்சிகள் எத்தனை என்பதில்தான் இழுபறி. பாலானந்த பௌடேல் தலைமையிலான மறுசீரமைப்பு ஆணையம் 719 என்றது. அரசு 2017 மார்ச்சில் 744 என்று அறிவித்தது. தராய் சமவெளிக் கட்சிகளின் அதிருப்தியைத் தணிக்க எண்ணிக்கை மேலும் கூடி 753-ல் நின்றது: 6 பெருநகரங்கள், 11 துணைப் பெருநகரங்கள், 276 நகர்பாலிகாக்கள் (நகராட்சிகள்), 460 காவ்பாலிகாக்கள் (கிராமப்புற உள்ளாட்சிகள்). எல்லாவற்றுக்கும் பொதுவாகப் ‘பாலிகா’ என்றால் போதும், அங்கே புரிந்துகொள்வார்கள். வார்டுகள் 6,743. தேர்தல் 2017 மே, ஜூன், செப்டம்பர் என்று மூன்று கட்டமாக நடந்தது. கடைசிக் கட்டம் இன்று மாதேஷ் எனப்படும் அன்றைய 2-ஆம் மாகாணத்துக்கு.

நம் ஊர் பஞ்சாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் பிழையாகிவிடும். இந்திய அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் 29 துறைகள் இருந்தாலும், எதை எப்போது கொடுப்பது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம். நேபாளத்தில் எட்டாம் அட்டவணை 22 அதிகாரங்களை நேரடியாக உள்ளாட்சியின் கையில் வைக்கிறது. மேல்நிலை வரையிலான பள்ளிக் கல்வி, அடிப்படைச் சுகாதாரம், ஊர்ச் சாலை, சொத்து வரி, ஊர்ச் சந்தை எல்லாம் அதில் அடக்கம். ஒன்பதாம் அட்டவணையில் மூன்று அடுக்குகளும் பகிர்ந்துகொள்ளும் 15 அதிகாரங்கள். பாலிகாவுக்குச் சட்டம் இயற்றும் அவை உண்டு. துணைத் தலைவர் தலைமையில் மூவர் நீதிக் குழுவும் உண்டு. மதிப்புக்கூட்டு வரியிலும் உள்நாட்டு உற்பத்தி வரியிலும் 70 பங்கு ஒன்றிய அரசுக்கு, மாகாணங்களுக்கு 15, உள்ளாட்சிகளுக்கு 15.

‘ஊர் ஊருக்குச் சிங்க தர்பார்’ என்பது அந்த நாட்களின் முழக்கம். சிங்க தர்பார் என்பது ராணா பிரதமர்கள் காலத்து அரண்மனை. இன்றைக்கு நாட்டின் தலைமைச் செயலகம். அது ஊருக்கு வந்தது உண்மைதான், ஆனால் நாற்காலி மேசை இல்லாமல் வந்தது. பழைய கிராம வளர்ச்சிக் குழுக் கட்டடத்திலோ வாடகை அறையிலோ பாலிகா தொடங்கியது. பிள்ளைகள் சண்டை தீர்த்து, பொதுக்குழாய்க்காக மனுக் கொடுத்துப் பழகிய ஆட்கள், ஜெயித்த மறுநாள் ஒரு நிதிச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியிருந்தது.

மையத்திலிருந்து மாதிரிச் சட்டங்கள் வந்தன. ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு. நிரப்பினால் சட்டம் தயார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை; வரைவு எழுதத் தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கர்ணாலி மலையில் எங்கே தேடுவது? ஆனால் அதன் விளைவாக, உயர்மலைப் பாலிகாவும் சமவெளிப் பாலிகாவும் வார்த்தைக்கு வார்த்தை ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

பணம் எந்த வாசல் வழியாக வந்தது

2019 ஜூலையில், நேபாள நிதியாண்டின் தொடக்கத்தில், ‘மாகாண மற்றும் உள்ளாட்சி ஆளுகை ஆதரவுத் திட்டம்’ நடைமுறைக்கு வந்தது. நான்கு ஆண்டுத் திட்டம். நேபாள அரசின் பங்கும் சேர்த்து மதிப்பீடு 13 கோடி அமெரிக்க டாலர். பிரிட்டன், நார்வே, சுவிட்சர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை கூட்டு நிதி உடன்பாட்டின் கீழ்ப் பணம் கொடுத்தன, ஐ.நா. அமைப்புகள் தொழில்நுட்ப உதவிக்கு. கொடுப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனிக் கடை போடாமல், ஒரே பானையில் போட்டு அரசுக் கருவூலம் வழியாகவே செலவழிப்பது என்பது இதன் அடிப்படை. வெளிநாட்டு உதவி பற்றிய பாடப்புத்தகங்கள் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 13 கோடி டாலர் என்பது அன்றைய மாற்று விகிதத்தில் 1,400 கோடி நேபாள ரூபாய்க்குச் சற்று மேல். நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 360 கோடி. அதே 2019-20 நிதியாண்டில் உள்ளாட்சிகளுக்கு ஒன்றிய அரசு ஒதுக்கிய சமன்படுத்தும் மானியம் (உள்ளாட்சி தன் விருப்பப்படி செலவிடலாம்) சுமார் 9,000 கோடி, நிபந்தனை மானியம் (சொன்ன வேலைக்கே செலவிட வேண்டும்) சுமார் 12,400 கோடி. அதாவது பெரிதாகப் பேசப்பட்ட இந்த உதவி, மாகாணங்களின் பங்கைக் கழிக்காமல் பார்த்தாலும், அந்த மானியங்களில் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட இல்லை. ஆகவே வெளிநாட்டுப் பணம் பாலிகாக்களைத் தூக்கி நிறுத்தியது என்று சொல்பவர்களும், கெடுத்துவிட்டது என்று சொல்பவர்களும் இந்த எண்ணை ஒருமுறை பார்ப்பது நல்லது. உதவியின் எடை பணத்தில் இல்லை. அது எந்தப் பழக்கத்தை உண்டாக்கியது, யார் கையை வலுப்படுத்தியது என்பதில்தான் இருக்கிறது.

இங்கேதான் இந்த நிகழ்வின் முடிச்சு. அரசியலமைப்பின் 59-ஆவது பிரிவு, வெளிநாட்டு உதவி பெறும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு மட்டுமே தருகிறது. பேரியல் பொருளாதார நிலைத்தன்மை என்று காரணமும் சொல்கிறது. அது நியாயமான காரணம். அதனால் உள்ளாட்சியை வலுப்படுத்த வந்த இந்தத் திட்டத்தின் பணம் சிங்க தர்பாரில் இருக்கும் கூட்டாட்சி விவகார, பொது நிர்வாக அமைச்சகத்தின் வாசல் வழியாகவே வந்தது. பழைய உள்ளாட்சி அமைச்சகத்தின் வாரிசு இது. மாவட்டந்தோறும் செயலாளர்களை அனுப்பி, மாற்றி, மேய்த்துப் பழகிய இடம். கூட்டாட்சி வந்தால் எந்த அமைச்சகத்தின் அதிகாரம் அதிகமாகக் குறைய வேண்டுமோ, அதனிடமே கூட்டாட்சியை வளர்க்கும் பொறுப்பு போய்ச் சேர்ந்தது.

சதி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு படியும் அதனதன் அளவில் சரியானதே. கருவூலம் வழியாகப் பணம் போவது சரி, ஒரே அமைச்சகம் பொறுப்பேற்பது சரி, ஒருங்கிணைப்பும் சரி. எல்லாச் சரிகளையும் கூட்டினால் வந்த விடைதான் மையத்துக்குச் சாய்ந்துவிட்டது.

சூத்ராவும் லிசாவும்

நல்லதையும் சொல்லியாக வேண்டும். நேபாளப் பாலிகாக்களில் இன்று கணக்கு எழுதப்படுவது ‘சூத்ரா’ என்ற மென்பொருளில். மகாலேகா நியந்திரக அலுவலகம், அதாவது தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகம் நடத்தும் செயலி அது. அதைப் பரப்பவும் நிலைநிறுத்தவும் நன்கொடை நாடுகளின் பணம் உதவியது. தாளிலும் எக்செல் கோப்பிலும் தொடங்கியவர்கள் சில ஆண்டுகளுக்குள் 753 இடங்களிலும் ஒரே முறைக்கு வந்துவிட்டார்கள். பட்ஜெட்டில் தலைப்பு இல்லாத செலவுக்குச் செயலியில் சீட்டுப் போட முடியாது. தலைவர் நேற்று மேடையில் அறிவித்த பாலத்துக்கு இன்று காசு வேண்டுமென்றால், கணக்கர் திரையைத் திருப்பிக் காட்டினால் போதும், இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. இது சின்ன மாற்றமல்ல. தணிக்கையாளர் ஆண்டுதோறும் ‘பேருஜு’ என்று எழுதும் தீராத கணக்குகள் இதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் எது பேருஜு என்பதையாவது தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது.

அதே சூத்ரா இன்னொன்றும் செய்தது. காத்மாண்டுவில் உட்கார்ந்தபடியே எந்தப் பாலிகா எதற்கு எவ்வளவு செலவழித்தது என்று மையம் பார்க்க முடிகிறது. பாலிகாவின் கணக்கு சீரானதோடு மையத்துக்குக் கண்ணும் கிடைத்தது. கண்டிப்பாகத் தவறில்லை. ஆனால் உள்ளாட்சி வளர்ச்சி என்ற தலைப்பில் வந்தவற்றுள் முழு வெற்றி என்று சொல்லத்தக்க ஒன்று, மேலிருந்து கீழே பார்க்கும் கருவியாகவும் அமைந்தது கவனிக்கத்தக்கது.

‘லிசா’ வேறு வகை. உள்ளாட்சி நிறுவனத் திறன் சுயமதிப்பீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 10 துறைகள், 100 அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் பாலிகா தனக்குத்தானே மதிப்பெண் போட்டு, ஆதாரமாக ஆவணத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். நீதிக் குழு அமைக்கப்பட்டதா? குழு அமைத்த தீர்மானத்தின் படியை ஏற்று. நிதிச் சட்டம் உரிய நாளில் நிறைவேறியதா? அவை நடவடிக்கைப் பதிவை ஏற்று. நல்ல ஏற்பாடுதான், எது எது இருக்க வேண்டும் என்ற பட்டியலே பல தலைவர்களுக்கு முதல் பாடம். ஆனால் ஆவணம் இருக்கிறதா என்று கேட்கும் கேள்விக்கு ஆவணமே விடையாக வரும். கால்வாய்த் தண்ணீர்ச் சண்டையோடு வந்தவர் திருப்தியாகத் திரும்பினாரா என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது.

அளவுகோலின் இன்னொரு சங்கடம் அளவு. திபெத் எல்லையில் ஹும்லா மாவட்டத்தின் நாம்கா பாலிகாவுக்குப் பரப்பு 2,400 சதுர கிலோமீட்டருக்கு மேல், மக்கள் ஏறத்தாழ நாலாயிரம் பேர், வார்டுகள் 6. காத்மாண்டு பெருநகரத்தில் வார்டுகள் 32, மக்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் அதே எட்டாம் அட்டவணை, அதே 100 கேள்வி.

இந்தக் கோப்புகளையெல்லாம் ஏற்றுவது யார்? பெரும்பாலும் தகவல் தொழில்நுட்ப அலுவலர் என்ற பெயரில் ஒப்பந்தத்தில் இருக்கும் ஓர் இளைஞரோ இளம் பெண்ணோ. முந்தைய திட்டத்திலேயே உருவான பணி இது. புதிய திட்டத்தின் பணத்தில் தொடர்ந்தது. பாலிகாவின் இணையதளம் அவர் பொறுப்பு. 753 தளங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். இடது பக்கம், வலது பக்கம், தலைவர் படம், ‘குடிமக்கள் சாசனம்’ எல்லாம் அதனதன் இடத்தில். இணையம் போனால் அவர், அச்சு இயந்திரம் நின்றால் அவர், மதிப்பீட்டுக் காலக்கெடு வந்தால் அவர். பல பாலிகாக்களில் அலுவலகத்தின் நினைவே அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் அவர் நிரந்தர ஊழியரல்ல. சம்பளத் தலைப்பு திட்டத்தினுடையதாகவே இருந்தது. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு. மிகவும் தேவைப்பட்ட ஆளை வெளிநாட்டுப் பணத்தில் வைத்துவிட்டதால், அந்த இடத்தைத் தன் சொந்தப் பணியிடமாக்கும் அவசரம் யாருக்கும் வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனி மாதத்து அவசரம்

நேபாளத்தின் நாட்காட்டி நம்முடையதைப் போலவே சூரியன் வழிப்பட்டது. அவர்களின் அசார் மாதம் நமக்கு ஆனி. அசார் கடைசியோடு நிதியாண்டு முடிகிறது. நம் ஆடி முதல் தேதியை ஒட்டிப் புது ஆண்டு. அசார் 10-க்குள் பட்ஜெட்டை அவையில் வைக்க வேண்டும். வைக்கிற அதே வாரங்களில் பழைய ஆண்டின் பணத்தையும் செலவழித்துத் தீர்க்க வேண்டும். மீந்த நிபந்தனை மானியம் திரும்பிப் போய்விடும். மழையோ உச்சத்தில். கொட்டும் மழையில் தார் ஊற்றுவார்கள், மண்வெட்டி இயந்திரம் மலையைக் கீறும். இதற்கு ‘அசாரே விகாஸ்’ என்று பெயரே உண்டு, அசார் மாத வளர்ச்சி. இயந்திரத்தை விட்டு மலைச்சரிவில் கண்டபடி சாலை வெட்டுவதற்கு ‘டோசரே விகாஸ்’ என்று இன்னொரு பெயர். அடுத்த மழையில் அந்தச் சாலையே நிலச்சரிவாக இறங்கி வரும்.

பயிற்சிகளும் இந்தத் தாளத்துக்குத் தப்பவில்லை. திட்டத்தின் தேதிகளை மக்களாட்சியின் தேதிகளோடு வைத்துப் பாருங்கள். பிரதிநிதிகள் வந்தது 2017. திட்டம் வந்தது 2019 ஜூலை. அவர்களின் ஐந்தாண்டில் இரண்டு ஏற்கெனவே போயிற்று. எட்டு மாதத்தில், 2020 மார்ச் 24 அன்று கொரோனா முழு அடைப்பு. 2022 மே 13 அன்று அடுத்த தேர்தல். மாகாணந்தோறும் பயிற்சிக்கென்று நல்லாட்சி மையங்கள் கால் ஊன்றும்போது, முதலில் பயிற்சி பெற்றிருக்க வேண்டியவர்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அகரத்திலிருந்து மறுபடி.

அடைப்புக் காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை கடந்து திரும்பியபோது, பள்ளிக்கூடங்களைத் தனிமை முகாம்களாக்கி, சோறு போட்டு, பெயர் எழுதி ஊருக்கு அனுப்பியது பாலிகாக்கள்தான். குளறுபடிகள் ஏராளம், முகாம்களின் நிலைமை பல இடங்களில் மோசம். ஆனால் செயலாளர் மாவட்டத் தலைநகரில் ஒளிந்திருந்த பழைய ஏற்பாட்டில் இதை நினைத்தே பார்க்க முடியாது. இதற்கு யாரும் பயிற்சி தரவில்லை. வார்டுத் தலைவரின் வீடு அதே தெருவில் இருந்தது, அவ்வளவுதான்.

துணைத் தலைவிகள்

2017-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 35,000-க்கும் மேற்பட்டோரில் பெண்கள் 41 விழுக்காடு. காரணம் தேர்தல் சட்டம். வார்டு உறுப்பினர் நால்வரில் இருவர் பெண்கள், அவர்களில் ஒருவர் தலித் பெண். கட்சி தலைவர், துணைத் தலைவர் இரண்டுக்கும் ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கட்சிகள் தலைவர் இடத்தை ஆணுக்கு வைத்துக்கொண்டு துணையிடத்தைப் பெண்ணுக்குக் கொடுத்தன. துணைத் தலைவர்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் பெண்கள் ஆனார்கள்.

சட்டம் எழுதியவர்கள் துணைத் தலைவருக்கு நல்ல வேலைகளை ஒதுக்கியிருந்தார்கள். நீதிக் குழு, பட்ஜெட் வரைவுக் குழு, வருவாய்க் குழு, கண்காணிப்பு. நீதிக் குழு 13 வகை வழக்குகளைத் தீர்த்து வைக்கலாம்: வரப்பு, கால்வாய், கொடுக்காத கூலி, மாடு மேய்ந்த பயிர், கவனிக்காமல் விட்ட முதியவர். இன்னும் 11 வகைகளில் சமரசம் மட்டும். சட்டம் படிக்காத ஒருவர், பெரும்பாலும் தனக்கு வாக்களித்தவரும் வாக்களிக்காதவரும் எதிரெதிரே நிற்க, தீர்ப்புச் சொல்ல வேண்டும். உதவி அமைப்புகள் அதிகம் உழைத்த இடங்களில் இதுவும் ஒன்று. அந்த உழைப்பு வீண்போகவில்லை. மாவட்ட நீதிமன்றப் படி ஏற அஞ்சும் பெண்கள் பாலிகாவுக்குத் துணிந்து வந்தார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவரும் பெண் என்பது அதற்கு ஒரு காரணம்.

2022-ல் கட்சிகள் கூட்டணி சேர்ந்தன. தலைவர் இடம் ஒரு கட்சிக்கு, துணையிடம் இன்னொரு கட்சிக்கு. ஒரு கட்சி ஓர் இடத்துக்கு மட்டுமே ஆள் நிறுத்தினால் பெண் விதி பொருந்தாது. பல பாலிகாக்களில் இரண்டு இடத்திலும் ஆண்கள். பெண் துணைத் தலைவர்களின் பங்கு முக்கால்வாசியாக இறங்கியது. ஐந்தாண்டு பயிற்சி, கையேடு, அனுபவம் எல்லாம் ஒரு தொகுதிப் பங்கீட்டில் கரைந்தன.

தொங்குபாலம் சொல்வது

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்து பல பத்தாண்டுகளாக நேபாளத்தில் நடைபாலங்கள் கட்ட உதவியது. ஆற்றின் குறுக்கே எஃகுக் கயிற்றில் தொங்கும் பாலங்கள். 120 மீட்டர் வரையிலான குறும்பாலங்களுக்கு ஒரு தர வடிவம் உருவானது. எங்கே நங்கூரம், எத்தனை கயிறு, யார் கல் சுமப்பது, பயனாளர் குழு எப்படிக் கணக்குக் காட்டுவது என்று எல்லாம் எழுதிவைத்த முறை. கூட்டாட்சி வந்ததும் உள்ளூர்ப் பாலங்கள் பாலிகாக்களின் பொறுப்பாயின. முறையும் அவர்களிடம் போனது. பாலம் கட்டத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

பாலமும் ஆளுகையும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் இங்கே உதவி செய்தவர்கள் தாங்கள் போன பிறகும் வேலை நடக்கும் வடிவத்தை முப்பது நாற்பது ஆண்டு பொறுமையாகச் செதுக்கினார்கள். ஆளுகைத் திட்டத்துக்குத் தொடக்கத்தில் குறிக்கப்பட்ட காலம் நான்கு ஆண்டு.

ஆள் யாருடையவர்

உதவியால் எட்ட முடியாத இடம் ஒன்று இருந்தது. அங்கேதான் அதிகாரம் இருந்தது. பாலிகாவின் தலைமை நிர்வாக அதிகாரியை நியமிப்பது காத்மாண்டு. மாற்றுவதும் காத்மாண்டு. மலையேற விரும்பாத அதிகாரி சில மாதங்களில் மாற்றல் வாங்கிக்கொள்வார். அடுத்தவர் வரும்வரை யாரோ ஒருவர் பொறுப்பு. பயிற்சி பெற்றவர் பயிற்சியோடு போய்விடுவார். இதைத் தீர்க்க வேண்டிய ஒன்றிய குடிமைப் பணிச் சட்டம் பல ஆண்டுகள் மசோதாவாகவே இழுபட்டது. 2025-ல் பிரதிநிதி சபையைத் தாண்டியது. அதுவும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் உடனே வேறு பதவி ஏற்பது பற்றிய ஒரு விதியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்ற சர்ச்சையோடு. அந்த செப்டம்பரில் சபை கலைக்கப்பட்டபோதும் சட்டமாகவில்லை.

கல்வியும் அதே கதை. மேல்நிலைப் பள்ளி வரை பாலிகாவின் அதிகாரம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. 2023 செப்டம்பரில் ஆசிரியர்கள் காத்மாண்டு வீதிகளில் திரண்டபோது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, தங்களை உள்ளாட்சியின் கீழ் வைக்கக் கூடாது என்பது. 2025 ஏப்ரலில் மறுபடி வந்தார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு; ஊர்த் தலைவரின் கட்சிக்காரராக இல்லாத ஆசிரியர் எங்கே போவார்? ஆனால் பாலிகாவுக்கு வரும் நிபந்தனை மானியத்தில் ஒரு பெரும் பங்கு ஆசிரியர் சம்பளம்தான். பாலிகா அதை வாங்கி அப்படியே கொடுக்கிறது. ஒரு தபால் அலுவலகம் செய்யும் வேலை.

2025 அந்த நாட்டுக்கும் உதவி உலகத்துக்கும் ஒருசேர ஆட்டம் கண்ட ஆண்டு. ஜனவரியில் அமெரிக்க உதவி முடக்கப்பட்டது. ஜூலைக்குள் அதன் வளர்ச்சி உதவி முகமையே மூடப்பட்டது. பிரிட்டன் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 2027-க்குள் 0.3-ஆகக் குறைப்பதாக அறிவித்தது. செப்டம்பர் 9 அன்று, இளைஞர் போராட்டத்தின் இரண்டாம் நாள், சிங்க தர்பார் எரிந்தது.

பாலிகாக்களில் அடுத்த அசார் பட்ஜெட்டுக்கான வேலை வழக்கம்போல் வரும். அவை கூடும், தலைவர் பேசுவார், துணைத் தலைவர் வரைவைப் படிப்பார், கைதட்டல் எழும். அதன் பிறகு பணத்தை எடுக்க வங்கிக்குக் காசோலை போகும். பாலிகாவின் கணக்கை இயக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்கிறது சட்டம். ஒன்று தலைமை நிர்வாக அதிகாரியுடையது. மற்றது கணக்குப் பிரிவின் தலைவருடையது. பல இடங்களில் அவரும் மையத்திலிருந்து வந்தவர்தான்.